பஞ்சு வைத்த கதவு

ஜேர்மனியின் ஹம் நகரில் எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு தலைவரும் நாலைந்து உபதலைவர்களும் உண்டு. இவ்வளவு சின்ன ஊரில் எதற்கு இத்தனை பேர் என்று வெளியாட்கள் கேட்கலாம். மன்னார் ஆட்களுக்கு ஒருவர், யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு ஒருவர், பாட்டுக்குழுவோடு கோபித்துக்கொண்டு போனவர்களைத் திரும்ப அழைத்துவர ஒருவர் என்று பதவிகள் பெருகிவிட்டன. நானும் ஓர் உபதலைவர். என்ன வேலை என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்குக் கோபம் வரும். கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் இரண்டாம் வரிசையில் உட்காருவேன், விழா முடிந்ததும் கதிரை அடுக்குவேன்.

அதனால்தான், சங்கம் பெர்லினுக்குச் சுற்றுலா போகத் தீர்மானித்தபோது, கிழக்கு ஜேர்மனியின் துணைப் பிரதமர் ஒருவர் இருந்த அலுவலக அறை இன்றும் அப்படியே பார்வைக்கு இருக்கிறது என்று அறிந்து, அதை நிகழ்ச்சி நிரலில் நானே சேர்த்தேன். உபதலைவருக்கு உபபிரதமரைப் பார்க்க ஆசை என்று ஆட்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். எனக்கு வேறு காரணமும் இருந்தது.

எண்பதுகளில், கல்யாணம் முடிந்து சில மாதங்களில், நான் அந்த நாட்டின் வழியாகத்தான் வந்தேன். கொழும்பிலிருந்து மொஸ்கோ, மொஸ்கோவிலிருந்து கிழக்கு பெர்லின். சீருடை போட்ட ஒருவர் என் கடவுச்சீட்டை நெடுநேரம் பார்த்தார். பிறகு முத்திரை குத்தி, ரயில் நிலையத்துக்குப் போகும் வழியைக் கையால் காட்டினார். அந்த ரயிலில் ஏறி இறங்கியபோது மேற்கு பெர்லினில் நின்றேன். மதிலை எட்டிப் பார்த்தாலே தன் சொந்தச் சனங்கள் மீது துப்பாக்கியைத் திருப்பிய நாடு, என்னைப் பார்த்து நீ போ என்றது. ஏன் என்று இன்றைக்கும் எனக்கு முழுதாக விளங்கவில்லை.

என் மனைவி அதே வழியால் பின்னால் வருவதாக இருந்தது; நான் முதலில் போகிறேன் என்று சொன்னது நான்தான். அவள் கர்ப்பமாக இருந்தாள். கொழும்பில் ஒரு லொட்ஜில் பெட்டியோடு காத்துக்கொண்டிருந்தபோது வழி மூடிவிட்டது. அடுத்த நாட்டு விசா இல்லாத தமிழரை இனி ஏற்றுவதில்லை என்றார்கள். மேற்கு ஜேர்மனி கேட்டதாம், கிழக்கு ஒத்துக்கொண்டதாம். அவள் மன்னாருக்குத் திரும்பினாள். மகள் அங்கே பிறந்தாள். வேறு வழியால் அவர்கள் இரண்டு பேரும் வந்து சேர்ந்தபோது பிள்ளைக்குப் பள்ளிக்கூட வயது. விமான நிலையத்தில் தாயின் பின்னால் ஒளித்துக்கொண்டு, "அம்மா, இந்த மாமா ஆர்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இப்போதும் வலிக்கிறது.

அன்றிலிருந்து என் மனைவிக்கு ஓர் ஆசை இருந்தது. "அந்த வழியை மூடச் சொன்ன ஆளை ஒருக்காக் காணவேணும். முகத்துக்கு நேர சொல்லவேணும்" என்பாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்துக் களைத்து வந்து தேத்தண்ணி குடிக்கும்போதும் திடீரென்று சொல்வாள். பெர்லினுக்கு ஒரு நாளும் வரமாட்டாள். மகள் அங்கே படித்த காலத்தில்கூட மகளைத்தான் ஹம்முக்கு வரச் சொல்வாள். நான் அந்த அறையைப் பற்றிச் சொன்னதும், "நானும் வாறன்" என்றாள்.

கட்டடம் வெளியிலிருந்து பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. கீழே பல் வைத்தியர், அதற்குப் பக்கத்தில் காப்புறுதி அலுவலகம். மேல்மாடி ஏறினால் காலம் நின்றுபோயிருந்தது. எங்களை வரவேற்ற அம்மா, நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தா. அந்த அறைக்கு முன்னால் இருக்கும் சின்ன அறையில் பல வருடங்கள் செயலாளராக வேலை செய்தவவாம். இப்போது வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்லுகிறா. அவ ஜேர்மன் மொழியில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

உள் அறையின் வாசலில் சிவப்புக் கம்பளம் தொடங்கியது. முன்னால் நின்ற அக்கா ஒருவர் ஒன்றும் யோசிக்காமல் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பின்னால் நின்றவர் பார்த்துவிட்டுத் தானும் கழற்றினார். மன்னாரில் மடுமாதா கோவில் வாசலில் நிற்பதுபோல் எல்லோரும் வரிசையாகக் கழற்றினோம். தலைவர்கூடக் கழற்றினார். அவருடைய காலுறையில் ஓட்டை இருந்தது.

அந்த அம்மா பதறிப்போனா. தேவையில்லை, தேவையில்லை என்று கையை ஆட்டினா. பிறகு சப்பாத்து வரிசையைப் பார்த்து நின்றுவிட்டா. "இந்தக் கம்பளத்தில் நடுங்கிக்கொண்டு நின்ற ஆட்களைக் கண்டிருக்கிறேன். சப்பாத்தைக் கழற்றிய ஒருவரையும் கண்டதில்லை" என்றா.

என் மனைவி மட்டும் கழற்றவில்லை. எங்கள் வீட்டு வாசலில் தபால்காரரையே சப்பாத்தோடு தாண்ட விடாதவள் அவள். வெளிக் கதிரை ஒன்றில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீரும் வாருமன்" என்றேன்.

"நீங்கள் போங்கோ. நான் பேந்து வாறன்."

நான் உள்ளே போனேன். அகலமான மேசை, அதன்மேல் வரிசையாகத் தொலைபேசிகள். அதில் ஒன்று மேலிடத்தோடு பேசுவதற்கு மட்டுமாம். பின்னால் உயரமான கதிரை. சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் நிறம் மங்காத சதுரமாக இருந்தது. ஒரு காலத்தில் இந்த மேசையிலிருந்து ஒரு சொல் போனால் எங்கேயோ ஒரு தொழிற்சாலை நின்றிருக்கும், எங்கேயோ ஒரு ரயில் ஓடியிருக்கும். காலுறையோடு கம்பளத்தில் நிற்கும் எங்கள் ஆட்கள் கோவிலில் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அந்த அம்மா அந்தப் பதவியின் கதையைச் சொன்னா. நாடு தொடங்கிய நாளிலிருந்தே பிரதமருக்கு ஒரு துணை போதவில்லையாம். ஆளும் கட்சிக்குப் பக்கத்தில் சின்னக் கட்சிகளும் இருந்தன. அவை கோபிக்காமல் இருக்கவேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைப் பிரதமர். போகப்போகத் துணைகள் கூடிக்கொண்டே போனார்களாம். இதை நான் தமிழில் சொன்னதும் எங்கள் ஆட்கள் என்னைப் பார்த்துப் பெரிதாகச் சிரித்தார்கள். "அண்ணை, உங்கட ஆக்கள்தான்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"முடிவெல்லாம் ஆர் எடுத்தது?" என்று ஒருவர் கேட்டார்.

அம்மா கையை மேலே காட்டினா. "கட்சியில் மேலே இருந்தவர்கள். இங்கே வரும்போது முடிவு முடிந்திருக்கும். இவர் தலையாட்டுவார். தலையாட்டுவதும் ஒரு பதவிதான்."

மதில் விழுந்த பிறகு தேர்தல் நடந்ததாம், புதிய ஆட்கள் சில மாதம் இருந்தார்களாம், ஒருநாள் நாடே இல்லாமல் போய்விட்டதாம். அதற்குப் பிறகும் அவ பூச்செடிகளுக்குத் தண்ணீர் விட வந்தாவாம். இல்லாமல் போன நாட்டின் அலுவலகத்தில் பூச்சாடியோடு ஒருவர் தனியே நிற்பதை நினைத்துப் பார்த்தேன். மலைப்பாக இருந்தது. இவ்வளவு பெரிய ஒன்று இப்படியும் போகுமா?

பிறகு அவ கதவைக் காட்டினா. இரண்டு கதவுகள், ஒன்றன் பின் ஒன்று. இரண்டிலும் உள்ளே பஞ்சு வைத்து மேலே தோல் போர்த்திக் குமிழ் ஆணி அடித்திருந்தது. இங்கே பேசுவது வெளியே கேட்கக்கூடாது என்பதற்காகவாம். எங்களை உள்ளே வைத்து இரண்டையும் சாத்தினா. "சத்தம் போடுங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு" என்றா. நாங்கள் விடுவோமா? பாட்டுக்குழு ஆட்கள் தொண்டை கிழிய மாதா பாட்டுப் பாடினார்கள். கோபித்துக்கொண்டு போனவர்களும் சேர்ந்து பாடினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

கதவு திறந்ததும் என் மனைவியிடம், "கேட்டதோ?" என்றேன்.

"ஒண்டும் கேக்கேல்லை" என்றாள். முதல்முறையாக எழுந்து வந்து அந்தத் தோலைத் தொட்டுப் பார்த்தாள். பஞ்சை விரலால் அழுத்தினாள். பிறகு அந்த அம்மாவிடம் நேரே ஜேர்மன் மொழியில் கேட்டாள். தமிழர் வருகிற வழியை மூடினது இவரா?

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. "எனக்குத் தெரியாது. இவராக இருந்திருக்காது. ஆனால் இவரிடம் கேட்டிருந்தால் தலையாட்டியிருப்பார்" என்றா.

என் மனைவி அந்தக் காலிக் கதிரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பயந்தேன். இத்தனை வருடம் ஒரு முகத்தைத் தேடியவளைக் கூட்டிக்கொண்டுவந்து, முகமே இல்லாத கதிரையைக் காட்டிவிட்டேனே என்றிருந்தது. இந்த ஆசையும் வீணாய்ப் போனால் இனி அவள் அதை எங்கே கொண்டுபோவாள்?

"எல்லாரும் கொஞ்சம் வெளியில நில்லுங்கோ" என்றாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்தா. நான் தலையாட்டினேன். எல்லோரும் வெளியே வந்தோம். அவள் சப்பாத்தோடு கம்பளத்தில் ஏறி நடந்தாள். மேசைக்கு முன்னால் போய் நின்று திரும்பி, கதவைச் சாத்தச் சொன்னாள். அந்த அம்மா முதல் கதவைச் சாத்தினா, பிறகு இரண்டாவதைச் சாத்தினா.

நாங்கள் காலுறையோடு நின்றோம். ஒரு சத்தமும் வரவில்லை. கீழே பல் வைத்தியரின் இயந்திரம் கேட்டது, தெருவில் ட்ராம் போவது கேட்டது, அந்த அறையிலிருந்து மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் ஆட்கள் வாயைத் திறக்கவில்லை. எங்கள் சங்கத்தில் அப்படி ஓர் அமைதியை நான் திருப்பலியில்கூடக் கண்டதில்லை. நான் தோலில் காதை வைத்துப் பார்த்தேன். குளிராக இருந்தது.

நெடுநேரம் கழித்துக் கதவு உள்ளிருந்து திறந்தது. அவளுடைய முகம் சிவந்திருந்தது, குரல் கட்டியிருந்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். அந்த அம்மா அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா.

எல்லோரும் சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். நான் கடைசியாகக் குனிந்து என்னுடையதைப் போட்டேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எல்லாம் சொன்னீரோ அவருக்கு?" என்று கேட்டேன்.

"அவருக்குக் கொஞ்சந்தான் சொன்னனான்" என்றாள். "மிச்சமெல்லாம் உங்களுக்கு."

நாடாவைக் கட்டி முடித்த பிறகும் நான் நிமிரவில்லை. அவள் போகாமல் அங்கேயே நின்றாள்.