விருந்தாளி இல்லாத வில்லை

"வெறும் வீடு ஒளிராதும்மா. உள்ளே ஒரு விருந்தாளி வேணும்."

வீடு என்று ஆய்வகத்தில் அவள் கணவன் சொன்னது யிட்ரியம் ஆக்சைடு என்னும் வெள்ளைப் பொடியை. விருந்தாளி, அதில் சேர்க்கும் துளி யூரோப்பியம். இரண்டும் சேர்ந்தால்தான் புற ஊதா விளக்கின் கீழே சிவப்பாக ஒளிரும்.

"பொடிக்குக்கூட விருந்தாளி வந்தாச்சு. என் வீட்டுக்காரர்தான்..."

மிச்சத்தை விழுங்கிவிட்டு அவள் தனியாக வீட்டுக்குக் கிளம்பினாள். 'வீட்டுக்கு வாங்க' என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கேட்டு வாங்குவதா பாசம்? ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்த எட்டு வருடமும் இதே கதைதான். கடைசியில் அந்த விளக்கு இருக்கும் இருட்டறையிலேயே அவனுக்கு மாரடைப்பு வந்தது.

கட்டுக்கதை என்றால் இதைவிட நன்றாகவே கட்டியிருப்பேன். இது நடந்தது.

அவன் போன பிறகு, யூரோப்பியம் சேர்க்காமல் வெறும் பொடியை அழுத்திச் செய்த வில்லைகளும் சிவக்கின்றன என்று பேச்சு கிளம்பியது.

"ரூமைப் பூட்டிடலாம்க்கா. சார் இன்னும் போகல," என்றான் விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன்.

"உயிரோட இருந்தப்பவே என்னை மிரட்டத் தெரியாத மனுஷன். இப்ப மிரட்டிடுவாரா? நீங்க பொடி அரைக்கிற கல்வத்தை ஒழுங்கா கழுவியிருக்க மாட்டீங்க, யூரோப்பியம் ஒட்டியிருக்கும்."

புதுக் கல்வத்தில் அவளே வெறும் பொடியை அரைத்தாள். வில்லையாக்கி உலையில் சுட்டாள். மறுநாள் மதியம் அதை இருட்டறைக்குள் கொண்டுபோனாள்.

மணி 2.10. கதவை மூடினாள். கும்மிருட்டு.

ஸ்விட்சைத் தட்டினாள். 'டிக்.' விளக்கின் வழக்கமான 'ங்ங்ங்' இரைச்சல் மட்டும் இல்லை.

வில்லை சிவந்தது.

விளக்கை அணைத்தாள். யூரோப்பியமே இருந்தாலும் கண் இமைப்பதற்குள் அணைந்துவிட வேண்டும்.

அணையவில்லை...

அவள் மூச்சை விட்டாள். மங்கியது. இழுத்தாள். சிவந்தது.

முதுகுக்குப் பின்னால், அவன் உட்காரும் ஸ்டூல்.

'கிரீச்...'

வெளியே வந்தாள். ஓடவில்லை.

வாசலில் டெக்னீஷியன், கையில் கருகிய ட்யூப்போடு.

"உள்ள என்னக்கா பண்ணீங்க? விளக்கே எரியாதே. காலையிலேயே ட்யூப்பைக் கழட்டிட்டேன்."

அவள் அந்த ட்யூப்பைப் பார்த்தாள். திரும்பி மறுபடி கதவில் கை வைத்தாள்.

"அக்கா, வேணாம்! பேசிடாதீங்க. கூப்பிட்டா கூடவே வந்துடுவாங்க!"

"வரட்டுமே."

இருட்டு. சிவப்புப் புள்ளி. ஸ்டூல்.

"வேலை பார்த்தது போதும்," என்றாள். "எழுந்திருங்க. வீட்டுக்கு வாங்க."