தலைவருக்கு நான் வழங்கிய ஐந்நூறு ஆண்டு

இன்று திண்டிவனத்தில் நிலக்கடலை வணிகர் சங்கத் தலைவரின் எண்பதாம் பிறந்தநாள் விழா. முதுமையை அறிவியல் விரைவில் வென்றுவிடும் என்று மேடையில் முழங்கினேன்.

"தலைவர் அவர்களே! இன்னும் ஐந்நூறு ஆண்டு வாழ்க! ஐந்நூறு ஆண்டும் இவ்விருக்கையை அணிசெய்க!"

அரங்கமே அதிர்ந்தது.

விழுப்புரம் திரும்பும் பேருந்தில் என்னருகே வந்து அமர்ந்தவர், அச்சங்கத்தின் துணைத்தலைவர். இருபது ஆண்டுகளாக அவர்தான் துணைத்தலைவர்.

"என்னாங்கய்யா இப்டிப் பண்ணிட்டீங்க? இந்த வருஷத்தோட போதும்னு அவரே சொல்லிக்கினு இருந்தாரு. நீங்க பேசினதும் நாற்காலிய இறுக்கிப் புடிச்சிக்கினாரு!"

"அது வெறும் வாழ்த்துதானே, ஐயா?"

"உங்களுக்கு வாழ்த்து. எனக்குத்தான் பேஜாரு!"

என் நெஞ்சு உறுத்தியது. செய்த பிழைக்குக் கழுவாயாக, "தாங்களும் இன்னும் ஐந்நூறு ஆண்டு வாழ்க" என்றேன்.

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டா, நான் எப்போங்க உக்கார்றது? எனக்கு மட்டும் மூணு வருஷம் சேத்துப் போடுங்க. ஒரு தடவ தலைவரா இருந்துட்டாப் போதும்."

"அதற்காக ஐந்நூறு ஆண்டு காத்திருப்பீர்களா?"

"இருபது வருஷம் இருந்தாச்சே. பழகிடுச்சுங்க."

ஐந்நூற்று மூன்றாக உயர்த்தி, பேருந்திலேயே உரக்க வாழ்த்தினேன். மலர்ந்த முகத்தோடு இறங்கிப் போனார்.

நண்பர்களே, உங்களுக்கு எத்தனை ஆண்டு வேண்டும்? எவருக்குப் பின்னால் காத்திருக்கிறீர்கள் என்பதையும் மறவாமல் எழுதுங்கள். அதற்கேற்பக் கூட்டி வாழ்த்துகிறேன்.