உப்புமாவையும் கேட்க வைத்த மாத்திரை

மருந்துக்கடை கவுன்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வறண்டவர்களுக்குத் தெரியும்: மாத்திரையை எடுத்துக் கொடுப்பது ஒரு நிமிட வேலை, அதைப் பற்றிச் சொல்லிப் புரியவைப்பதில்தான் நம் உயிர் போகும். ஒரகடத்தில், கம்பெனி பஸ்கள் திரும்பும் முனையில் இருக்கிற கடையில் நான் பார்மசிஸ்ட்.

எனக்கும் ஒரு அட்டை

சேகருக்கு வல்லம் வடகாலில், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை. அவர் மகள் யாழினிக்கு ஆட்டிசம். ஒன்பது வயது. ஆத்திரம் வந்தால் தன் கையைத் தானே கடித்துக்கொள்வாள். அதற்காக டாக்டர் ரிஸ்பெரிடோன் எழுதிக் கொடுத்த சீட்டோடு சேகர் கடைக்கு வந்தார்.

"இது ஆட்டிசத்தைப் போக்குற மாத்திரை இல்லைங்க. அந்த ஆத்திரத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஆனா பசி கூடும், எடை ஏறலாம், தூக்கம் தூக்கமா வரும்" என்றேன்.

சேகர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பசியும் தூக்கமுமா? ஷிப்டு பார்த்துப் பார்த்து எனக்கு ரெண்டுமே இல்ல. எனக்கும் ஒரு அட்டை குடுங்க மேடம்."

உப்புமா

அடுத்த மாதம் அவர் மனைவி செல்வி வந்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். "கையில புண்ணு ஆறினு வருது மேடம். இப்பத்தான் தலைவாரவே வுடுறா" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

கண்ணைத் துடைத்த கையோடு புகாரை ஆரம்பித்தார். தயிர்சாதத்தைத் தவிர எதையும் தொடாத பெண், இப்போது அப்பா ஷிப்டுக்குக் கட்டி வைத்த டிபன் பாக்ஸையே காலி செய்கிறாளாம். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். செல்வி குரலைத் தாழ்த்தினார்.

"உப்புமாவையே கேட்டு வாங்கி சாப்புடுது மேடம். இது ஓவர் டோஸ்தானே?"

யாருக்குத் தூக்கம்?

அவர்கள் டாக்டரிடம் சொல்லவில்லை. ஸ்கூல் வேனில் பிள்ளை தூங்கி வழிகிறாள், உடம்பும் போடுகிறது என்று, யாரோ சொந்தக்காரர் பேச்சைக் கேட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட்டார்கள். சில நாள் கழித்து சேகர் சிவந்த கண்ணோடு வந்து நின்றார். குழந்தை ராத்திரியெல்லாம் தூங்காமல் வீட்டையே விழிக்க வைத்து, ஆறிய புண்ணை மறுபடி கடித்துக்கொண்டுவிட்டாளாம்.

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். உடனே கூட்டிவரச் சொன்னார். பார்த்துவிட்டு அளவைக் குறைத்து, ராத்திரி மட்டும் கொடுக்கச் சொல்லி, மாதாமாதம் எடை பார்க்கவும் சொன்னார். புதுச் சீட்டோடு கடைக்கு வந்து நான் சொன்ன எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சேகர், போகிறபோது தன் கஷ்டத்தைச் சொன்னார்.

"கம்பெனி லைன்லயே தூங்கிட்டேன் மேடம். இன்னா மாத்திரை போட்டேன்னு சூப்பர்வைசர் கேக்குறாரு. எம் பொண்ணு மாத்திரை போடல சார், அதான் தூக்கம்னேன். மொறைக்கிறாரு!"

எடை மிஷின்

எடை பார்க்க மூவரும் எங்கள் கடைக்கே வந்தார்கள். கையில் புதுக் காயம் இல்லை. ஆனால் யாழினி மிஷினைப் பார்த்ததும் காதைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள். எடை இன்னும் ஏறியிருந்தால் மாத்திரையையே மாற்றவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் செல்விக்கு ஒரே பதற்றம். பயமில்லை என்று காட்ட நானே ஏறி நின்றேன். யாழினி குனிந்து நம்பரைப் பார்த்தாள். அவளுக்கு நம்பர் என்றால் உயிராம்.

"எண்பத்திரெண்டு!" என்று கடையே கேட்கும்படி வாசித்தாள். பிறகு என்னைத் தள்ளிவிட்டுத் தானே ஏறினாள். போன மாத எடையேதான், ஏறவில்லை. செல்வி பெருமூச்சு விட்டு அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். சேகர் மட்டும் என்னையே அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இன்னா மாத்திரை சாப்புடுறீங்க மேடம்? டாக்டரைக் கேட்டுக் கொறச்சுக்கோங்க."

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தில் பக்க விளைவுகளைப் பொடி எழுத்தில் பத்தி பத்தியாகப் போடுகிறார்களே, மருந்தை விற்கிறவளுக்கு வரும் விளைவைப் பற்றி ஒரு வரி போட்டால் என்னவாம்?