மீதமே இல்லாத பத்திரிகை

ஜோன்-தலோன் வீதியிலுள்ள வியட்நாமிய சூப் கடைக்குள் நுழைந்ததும், வாசலோரத்துப் பத்திரிகைத் தட்டின் முன் சிவநேசம் குனிகிறார். புதிய இதழ்களை அடுக்குகிறார். எவரும் எடுக்காமல் கிடக்கும் சென்ற வாரத்து இதழ்களைக் குளிர்கோட்டுக்குள் செருகிக்கொள்கிறார். வரும்போது ஒல்லியாகவும் போகும்போது தொப்பையுடனும் காணப்படும் அவரை, கடைக்காரர்கள் சூப்பின் மகிமை என்றே கருதுகிறார்கள்.

மொன்றியலில் வெளிவரும் இலவச வியட்நாமிய வார இதழொன்றைக் கடைகளுக்குக் கொண்டுசேர்ப்பது அவர் தொழில். அம்மொழியில் ஓர் எழுத்தும் அறியார். ஆகவே அவ்விதழின் பாரபட்சமற்ற ஒரே விமர்சகர் அவர்தாம். "மேல தொப்பி, கீழ பொட்டு. இவ்வளவு நகை போட்ட எழுத்து வேற எங்க இருக்கு, மாஸ்டர்?" என்று என்னை மடக்குவார். முதியவர்கள் மரண அறிவித்தல் பக்கத்திலிருந்தே வாசிக்கத் தொடங்குகிறார்கள் என்பது அவருடைய ஆய்வு முடிவு. சில வாரங்களில் முகம் வாடியிருக்கும். "இந்தக் கிழமை சாவு குறைவு. பேப்பர் ஓடாது." பிறர் உயிரோடிருப்பதற்காக இவ்வளவு வருந்திய மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை.

முன்னர் டோர்வல் விமான நிலையத்தில் பயணப்பெட்டிகள் ஏற்றினார். "அங்க என்ர பேரை ஒருத்தனும் கேக்கேல்லை. இஞ்ச போற கடையெல்லாம் 'மிஸ்யூ நேசம்' எண்டு பிரெஞ்சில மரியாதையாக் கூப்பிட்டு சூப் தருதுகள்." பத்திரிகை நின்றால் சூப்பும் நிற்கும், பெயரும் நிற்கும்.

நிற்கும் காலமும் நெருங்கியது. தம் சொந்தச் சேமிப்பில் இதழை நடத்தும் ஆசிரியர் லாம் இலையுதிர் காலத்தில் எச்சரித்தார்: பிரதிகள் இப்படியே திரும்பி வந்தால், வியட்நாமியப் புத்தாண்டோடு அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்குப் போய்விட வேண்டியதுதான். அவ்வாரம் முதல் ஒரு பிரதிகூடத் திரும்பவில்லை. மொன்றியல் வியட்நாமியரிடையே திடீரென வாசிப்புப் பசி பெருகியதென்று ஆசிரியர் நம்பினார். பெருகியது டொலார்ட்-டெஸ்-ஓர்மோ புறநகரில், என் அயலவரான சிவநேசத்தின் கராஜில் இருந்த குவியல்.

சிவநேசத்தின் கார் இப்போது வெளியே பனியில் புதைந்து நிற்கிறது. அதைத் தோண்டியெடுப்பது அவர் மனைவி தாட்சாயினியின் காலைக் கடமை.

"இஞ்சாருங்கோ, காருக்கு வீடில்லை, வாசிக்கத் தெரியாத பேப்பருக்கு ஹீட்டரோட வீடு! நாளைக்கு நீங்களும் காருக்குள்ள போய்ப் படுங்கோ."

"பேந்து பாப்பம், தாட்சா."

சென்ற சனிக்கிழமை ஆசிரியர் லாம் நேரில் வந்தார். கையில் இலையில் பொதிந்த புத்தாண்டுச் சோற்றுக்கட்டி. அவர் காரின் பின்புறத்தில் புத்தாண்டுச் சிறப்பிதழ்க் கட்டுகள். அட்டையில் நீள்அங்கி அணிந்த மங்கை புன்னகைத்தாள். என் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்த எனக்கும் அவருடைய பிரெஞ்சு தெளிவாகவே கேட்டது.

"மற்ற ஊர்களில் என் நண்பர்களின் இதழ்கள் ஒவ்வொன்றாக இணையத்துக்குப் போகின்றன. நம்முடையதில் மட்டும் ஒரு பிரதியும் மிஞ்சுவதில்லை. எல்லாம் உங்களால்தான், மிஸ்யூ நேசம். ஆகையால் இனி இரு மடங்கு அச்சிடப் போகிறேன்."

சிவநேசம் தலையை ஆட்டினார்.

வாசலில் நின்ற தாட்சாயினிக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுங்கோவன்! அந்த மனுசன்ர காசு முழுக்க எங்கட கராஜுக்குள்ளதான் கிடக்குதெண்டு சொல்லுங்கோ!"

"மதாம் என்ன சொல்கிறார்?" என்று ஆசிரியர் ஆவலுடன் கேட்டார்.

"அவளுக்கும் நல்ல சந்தோசமாம்," என்று சிவநேசம் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். "மெர்சி."

முதியவரான லாம் சிவநேசத்தின் இரு கைகளையும் பற்றிக் குலுக்கினார். கட்டுகளை வாசலில் இறக்கிவிட்டு விடைபெற்றார். தாட்சாயினி கதவை அறைந்து சாத்தினாள்.

சிவநேசம் கராஜ் கதவைத் தூக்கினார். உள்ளே சற்று நேரம் கண்ணால் அளந்தார். பின்பு புல்வெட்டும் இயந்திரத்தை வெளியே உருட்டிவந்து, காரின் அருகே பனியில் நிறுத்தினார்.