சம்பந்தி முன்னால் ஜின் அம்மாள்

என் அண்ணி தக் யோங்ரானை இந்த நாட்டில் பாதிப் பேர் வெறுக்கிறார்கள். மீதிப் பாதி, டிவியில் காலைத் தொடர் ஓடும் நேரத்தில் வேலைக்குப் போய்விடுகிறவர்கள்.

அண்ணி நடிகை. பெரிய நடிகை என்று சொல்ல முடியாது. பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது; முகத்தைக் காட்டினால் பல்லைக் கடிப்பார்கள். வெகுகாலம் பக்கத்து வீட்டுக்காரி, பள்ளிக்கூட ஆயா, ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் அழுகிற சித்தி என்று வந்து போய்க்கொண்டிருந்தவர். அப்போதெல்லாம் எங்கள் ஊர் இன்சோனில் சந்தைக்குப் போனால் கீரைக்காரி ஒரு கைப்பிடி கூடப் போடுவாள். பிறகு ஜின் அம்மாள் வேஷம் கிடைத்தது. அதே சந்தையில் மீன்காரி அண்ணியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அந்தப் பச்சைப்பிள்ளையை ஏன் இப்படி வதைக்கிறாய் என்று கேட்டுவிட்டு, கானாங்கெளுத்தியைச் சுத்தமாக ஆய்ந்து கொடுத்தாள். வியாபாரம் வேறு, நியாயம் வேறு.

ஜின் அம்மாள் ஒரு பெரிய கம்பெனி முதலாளியின் மனைவி. மகன் காதலிக்கும் ஏழைப் பெண்ணைத் துரத்துவதுதான் அவளுக்கு முழுநேர வேலை. தொடரை எழுதுகிற கியோங்ரிம் முதலில் அவளை ஒரு கத்துகிற மாமியாராகத்தான் எழுதியிருந்தார். 'வீடு அதிரக் கத்துகிறாள்' என்று பக்கத்துக்குப் பக்கம் குறிப்பு. அண்ணிக்குக் கத்த வராது. என் அண்ணன் உயிரோடு இருந்தபோது ஒருமுறை எங்கள் காரைக் கொண்டுபோய் ஒரு பழவண்டியில் மோதினார். ரோடெல்லாம் சீமைப்பனிச்சைப் பழம் உருண்டது. அண்ணி சொன்னது, "கொஞ்சம் பார்த்துப் போகலாமே." அவருடைய உச்சபட்சக் கோபம் அதுதான்.

முதல் நாள் படப்பிடிப்பில் கத்திப் பார்த்தார். குரல் பாதியில் உடைந்தது. இயக்குநர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். என் வழியில் ஒரு தடவை சொல்லிப் பார்க்கட்டுமா என்று அண்ணி கேட்டார். தண்ணீர் ஊற்றினார், தம்ளரை அந்தப் பெண்ணின் பக்கம் நகர்த்தினார், சிரித்தார். எங்களிடம் இன்னும் கொஞ்சம் சூப் ஊற்றட்டுமா என்று கேட்கிற அதே குரலில், "சாயங்காலத்துக்குள்ள என் பையன் கண்ணுல படாம எங்கேயாவது போயிடும்மா" என்றார். அங்கே நின்ற எல்லோருக்கும் முதுகு சில்லிட்டுப் போயிற்றாம். கியோங்ரிம் அன்றே தன் பக்கங்களைக் கிழித்துப் போட்டு ஜின் அம்மாளை முதலிலிருந்து எழுதினார். கத்தல் போயிற்று, புன்னகை வந்தது. பணம் வைத்த வெள்ளை உறையை இரண்டு விரலால் மேசைமேல் தள்ளுவது, எதிராளி பேசி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே இருப்பது, எல்லாமே அண்ணியிடமிருந்து எடுத்தவை. நாட்டிலேயே மோசமான பெண்பிள்ளையைச் செய்ய, நான் அறிந்ததிலேயே சாதுவான பெண்பிள்ளையின் பழக்கங்கள் போதுமாக இருந்தன. நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். கொடுங்கோலர்கள் சத்தம் போடுவார்கள் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அண்ணியின் மகன் கிசோப் கல்யாணம் பண்ணிக்கொள்ள ஆசைப்பட்டான். பெண் ஹேரிம், பல் கட்டும் கூடத்தில் வேலை பார்க்கிறவள், சொந்த ஊர் குன்சான். அண்ணிக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கு அண்ணியை அதைவிடப் பிடித்துவிட்டது. சிக்கல் குன்சானில் இருந்தது. ஹேரிமின் அம்மா குக் சுன்தொக் அங்கே கிம்ச்சி ஊறுகாயும் தொடுகறிகளும் விற்கிற கடை வைத்திருக்கிறார். கடையில் ஒரு டிவியும் வைத்திருக்கிறார். வரப்போகும் சம்பந்தி யார் என்று தெரிந்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாராம்.

அது நடிப்பு என்று ஹேரிம் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"வசனம் எழுதிக் குடுத்ததா இருக்கும். அந்தச் சிரிப்ப எவனும் எழுதிக் குடுக்க முடியாது. அது வீட்லேர்ந்து கொண்டு வந்த சிரிப்பு" என்று சொல்லிவிட்டார் சுன்தொக் அம்மா. அவர் சொன்னது முழுக்க உண்மை என்பதுதான் எங்கள் கஷ்டம்.

இரு குடும்பமும் சந்தித்துச் சாப்பிட்டுப் பேசுகிற நாள் குறித்தாயிற்று. அண்ணி கியோங்ரிமிடம் போய், அதுவரைக்கும் ஜின் அம்மாளைக் கொஞ்சம் நல்லவளாக்க முடியுமா என்று கெஞ்சினார். கியோங்ரிம் நல்ல மனுஷி. அந்த ஏழைப் பெண்ணின் படத்தைப் பார்த்து ஜின் அம்மாள் தனியே கண்ணீர் விடுகிற காட்சி ஒன்றை எழுதிக் கொடுத்தார். அண்ணி உருகி உருகி நடித்தார். அது ஒளிபரப்பான காலையே குன்சானிலிருந்து ஹேரிமுக்குப் போன் வந்தது. "அழுதா, பாத்தியா? அடுத்த வாரம் யாரோ சாகப்போறாக." அடுத்த வாரம் ஒருவர் செத்தும் போனார். தொடரை நடத்துகிறவர்களுக்கும் வயிறு இருக்கிறதே.

இன்சோனுக்கும் குன்சானுக்கும் நடுவே என்று தேஜோனில் ஒரு உணவகத்தில் தனியறை எடுத்தோம். அண்ணன் இல்லாததால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் இடத்தில் நான். வண்டியில் போகும்போது கிசோப் என்னிடம் தணிந்த குரலில் சொன்னான்: அம்மா சம்மதிக்காமல் ஹேரிம் கல்யாணம் பண்ணிக்கொள்ள மாட்டாளாம். இன்றைக்கு ஆனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லையாம். பின்சீட்டில் அண்ணி வெளிர்பச்சை உடுப்பில் கையைக் கோத்து உட்கார்ந்திருந்தார். முத்துமாலை போடவில்லை, ஜின் அம்மாள் போடுவாள்.

சுன்தொக் அம்மா உள்ளே வருவதற்கு முன் அவர் குரல் வந்தது. வாசலில் செருப்பு அடுக்குகிற பையனை ஏதோ திட்டிக்கொண்டே வந்தார். உட்கார்ந்ததும் ஒரு முழங்காலை மேலே மடக்கிக்கொண்டார். கிம்ச்சியை ஒரு வாய் மென்று, உப்பில் ஊறவே இல்லை என்று பரிமாறுகிற பெண்ணிடம் தீர்ப்புச் சொன்னார். பேச்சின் நடுநடுவே கணவர் தோவின் தொடையில் ஓங்கித் தட்டுவார், முற்றுப்புள்ளி மாதிரி. தோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதைத் தவிர அவர் எதுவும் செய்ததாக எனக்கு நினைவில்லை.

அண்ணி குனிந்து வணங்கி, சிரித்து, ஹேரிமுக்குத் தண்ணீர் ஊற்றி தம்ளரை மெல்ல நகர்த்தினார். சுன்தொக் அம்மா அதை நடுவழியில் பிடித்துக் கணவர் முன்னால் வைத்தார். "மொதல்ல நீங்க குடிங்க." தோ குடித்தார். சற்று நேரம் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்ததாக, கிசோப் பிறந்த நாளும் நாழிகையும் எழுதின குறிப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது. பொருத்தம் பார்க்க அவர்களே கேட்டிருந்தார்கள். அண்ணி அதை ஒரு வெள்ளை உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். எனக்கு விபரீதம் புரிந்து நான் வாயைத் திறப்பதற்குள் உறை மேசைமேல் நகரத் தொடங்கிவிட்டது. இரண்டு விரலால்.

சுன்தொக் அம்மா அந்த உறையைத் தொடவில்லை. "சம்பந்தியம்மா, ஒண்ணு கேக்குறேன். ஒங்களுக்குக் கோவம் வந்தா என்ன செய்வீக?"

"எனக்கு அவ்வளவா கோபம் வராதுங்க" என்றார் அண்ணி. தலையாட்டிக்கொண்டே.

"இதையேதான் அந்தப் பொம்பளையும் மொத வாரம் சொன்னா." சுன்தொக் அம்மா மகள் பக்கம் திரும்பினார். "கோட்ட எடுத்து மாட்டு."

ஹேரிம் அசையவில்லை. கிசோப்பின் முகம் வெளுத்துவிட்டது. நான் குன்சான் துறைமுகத்தின் வரலாற்றுப் பெருமையைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன், யாரும் கேட்கவில்லை. அண்ணி மன்னிக்கச் சொல்லி எழுந்து வெளியே போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன்.

கதவு சுவரில் மோதித் திறந்தது. வந்தவர் என் அண்ணியின் உடுப்பைப் போட்டிருந்தார். அதன் கைகளை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். தொப்பென்று உட்கார்ந்து ஒரு முழங்காலை மேலே மடக்கிக்கொண்டு, மகன் தொடையில் ஒரு போடு போட்டார்.

"ஏன்டா, அந்தப் புள்ள தட்டுல ஒரு துண்டு மீன எடுத்து வெக்கக் கை வரலியா? வளத்த லட்சணத்த ஊர் சிரிக்கணுமாக்கும்." பிறகு வாசல் பக்கம் திரும்பி, இன்னொரு தட்டு நண்டு கொண்டுவரச் சொன்னார். அந்தக் குரல் பக்கத்து அறையிலும் நண்டு ஆர்டர் பண்ணவைத்திருக்கும். "சம்பந்தியம்மா, டிவியில நான் பேசுறதப் பாத்து மெரண்டுட்டீகளாக்கும். வீட்ல அப்படி மெதுவாப் பேசுனா எவன் கேப்பான்?"

முப்பது வருஷமாக அவரை எனக்குத் தெரியும். அந்தக் குரலைத் தெரியாது. அடுத்த நொடி தெரிந்துவிட்டது: அரைமணி நேரமாக எதிரே கேட்டுக்கொண்டிருந்த குரல்தான். வார்த்தையின் வால், முழங்கால், தலையைச் சாய்க்கிற கோணம், ஒன்றும் விடவில்லை. சுன்தொக் அம்மா எதிரிலேயே உட்கார்ந்து சுன்தொக் அம்மாவை நடித்துக்கொண்டிருந்தார். இதைவிட அவமானமாக ஒரு கல்யாணப் பேச்சு முறிய முடியாது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அதானே" என்ற சத்தம் கேட்டது. சுன்தொக் அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "நானும் இவருகிட்ட அதத்தான் சொன்னேன். ஒரு மனுஷி அப்படி மெதுவாப் பேசுனா உள்ள என்ன வெச்சிருக்காளோன்னு இருக்காதா? பின்ன ஏன் இம்புட்டு நேரம் வாய மூடிக்கிட்டு இருந்தீக?"

"ஒங்களப் பாத்துப் பயந்துதான்."

அந்த ஒரு வாக்கியம் மட்டும் நடிப்பில்லை. அதில்தான் சுன்தொக் அம்மா முழுசாக விழுந்தார். நண்டு வந்தது. இருவரும் கிம்ச்சியின் உப்பைப் பற்றி ஒரே சுருதியில் கத்தினார்கள். உறை எப்போது சுன்தொக் அம்மாவின் பைக்குள் போனது என்று நான் கவனிக்கவில்லை. தன்னைப் போலவே ஒருத்தியைக் கண்டால் மனிதர்களுக்குச் சந்தேகம் வருவதில்லை. இவ்வளவு நல்ல மனுஷி இத்தனை நாள் எங்கிருந்தாள் என்றுதான் தோன்றும்போலிருக்கிறது.

தோ மட்டும், கதவு மோதித் திறந்த நேரத்திலிருந்து, சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். சாப்பிடுகிற குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு என் அண்ணியை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். புறப்படும்போது கார் நிறுத்துமிடத்தில் என்னை ஓரமாக அழைத்துப் போனார். சிகரெட் பற்றவைத்தார்.

"ஒங்க அண்ணி நல்லாப் பண்றாங்க" என்றார். "ஆனா என் வீட்டுக்காரி தொடையில தட்டுறது எடது கையால. அத மட்டும் மாத்திக்கச் சொல்லுங்க."

நான் அப்படியே சொன்னேன். அண்ணி தொழில்காரி, மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொண்டார்.

மே மாதம் கல்யாணம் நடந்தது. கல்யாணத்தில் சம்பந்திகள் இருவரும் போட்ட சத்தத்தில் ஒலிபெருக்கிக்காரர் ஒருமுறை தன் கருவியைச் சோதித்துப் பார்த்தார். இப்போது கடைக்கு விடுமுறை விழும் திங்கட்கிழமைகளில் சுன்தொக் அம்மா இன்சோன் வந்துவிடுகிறார். முன்பெல்லாம் அந்த நாளில் கால் நீட்டித் தூங்குகிறவர். இப்படி மனசுவிட்டுப் பேச ஒரு ஆள் கிடைக்க இவ்வளவு வயதாக வேண்டியிருந்ததே என்று அங்கலாய்க்கிறார். கூடவே தோவும் வருகிறார், பார்க்க. அண்ணிக்குத் திங்கள் சாயங்காலம் தொண்டை கட்டிவிடுகிறது. இந்த வேஷத்துக்குக் கடைசிப் பகுதி என்று ஒன்று கிடையாது என்பது அவருக்குத் தெரியும். கிசோப்புக்காக ஏற்றுக்கொண்டது, புகார் சொல்வதில்லை.

புகார் ஹேரிமுக்கு. போன முறை நான் போயிருந்தபோது உள்ளே இரண்டு பேரும் முள்ளங்கி நறுக்குவதைப் பற்றிச் சண்டைபோல ஒன்று நடத்திக்கொண்டிருந்தார்கள். எது யார் குரல் என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஹேரிம் வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எங்க அம்மா சத்தத்துலேர்ந்து தப்பிச்சு வர்றதுக்குத்தான், சித்தப்பா, இந்த வீட்டையே பிடிச்சேன்" என்றாள். "இப்ப எனக்குப் பிடிச்ச மாமியாரத் திங்கட்கிழமைன்னா டிவியிலதான் பாக்க முடியுது."