நிஜாம் பாயின் அல்சர்

போன செவ்வாய்க்கிழமை காரைக்காலில், தொழிலாளர் நஷ்டஈட்டு மனுக்களை விசாரிக்கும் அதிகாரி, எங்கள் நிஜாம் பாயை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டுக் கேட்டார்: "காயம் எங்கங்க?"

பாய் மூலையில் நின்றபடி தரையைப் பார்த்தார். அவர் மனைவி சபுராவும் மகள் பர்வீனும் என்னைப் பார்த்தார்கள். நான்... சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

நிஜாம் பாய் எங்கள் பக்கத்து வீடு. பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். போன வருஷம் கம்பெனி யார்டில், சுமை தூக்கும் பெல்ட் அறுந்து, கீழே நின்று சிக்னல் காட்டிக்கொண்டிருந்த குரும்பகரத்து முருகையன் மேல் இரும்புக் கட்டு விழுந்தது. ஆள் அங்கேயே போய்விட்டார். மேலே கேபினில் லீவரைப் பிடித்தபடி அதைப் பார்த்தவர் பாய். இரண்டு பேரும் தினமும் சோற்றைப் பகிர்ந்து தின்றவர்கள்.

அன்றிலிருந்து பாய் பழைய பாய் இல்லை. லாரி ரிவர்ஸ் எடுக்கும் 'பீப் பீப்' கேட்டால் நடுரோட்டில் குந்திவிடுவார். தலைக்கு மேலே எதுவும் தொங்கக் கூடாது. சீலிங் ஃபேனுக்குக் கீழே படுக்க மாட்டார். மே மாசத்தில், காரைக்காலில், ஃபேன் இல்லாமல்! உங்களால் முடியுமா?

கம்பெனி என்ன செய்தது? முருகையனுக்கு மாலை போட்டது. அப்புறம் கேட்டில் இருக்கும் 'விபத்தில்லா நாட்கள்' போர்டில் பூஜ்யம் போட்டது. மறுநாள் 'ஒன்று' என்று எழுதியது. கம்பெனி குணமாகிவிட்டது. பாய்தான் ஆகவில்லை.

தஞ்சாவூரில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். உள்ளூரிலேயே காட்டலாமே என்கிறீர்களா? நல்லா கேட்டீங்க, போங்க! பர்வீனுக்குச் சம்பந்தம் பேசி முடித்த நேரம். 'பொண்ணோட வாப்பாவுக்குப் புத்தி சரியில்லையாம்' என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும்; அது பஸ் ஸ்டாண்டைத் தாண்டுவதற்குள் பாயைச் சங்கிலியில் கட்டியிருப்பார்கள். நம் ஊரில் வயிறு கெட்டவருக்கு மரியாதை உண்டு. மனசு கெட்டவருக்கு?

"அக்கா, கம்பெனிக்கு லீவு லெட்டர்ல என்னன்னு எழுதுறது?" என்றாள் சபுரா.

"அல்சர்னு எழுதுவோம்" என்று சொன்ன மகா புத்திசாலி யார் தெரியுமா? சாட்சாத் நான். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்குப் புத்தி சொல்கிற நானேதான்! ஏழு லெட்டர் எழுதினேன். நெஞ்செரிச்சல், புளியேப்பம், காரம் ஆகவில்லை... ஏழாவது லெட்டரைப் படித்தால் எனக்கே வயிறு வலிக்கும். சபுரா தன் பங்குக்குத் தஞ்சாவூர் டாக்டர் எழுதிய சீட்டுகளை எல்லாம் கொளுத்திவிட்டாள்.

இப்போது கம்பெனி, 'கிரேனில் ஏறு, இல்லாவிட்டால் ராஜினாமா எழுதிக் கொடு' என்கிறது. வேலையால் வந்த நோய் என்று மட்டும் சொல்லி, பாய் நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டார். விசாரணைக்கு வந்த கம்பெனி மேனேஜர், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு, என் ஏழு லெட்டரையும் மேஜையில் பரப்பினார்.

"கை இருக்கு, கால் இருக்கு. மாடி ஏறி நடந்தே வந்தாரு. அல்சருக்கும் கிரேனுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

என் எழுத்தை இவ்வளவு கவனமாகப் படித்த வாசகரை நான் இதுவரை பார்த்ததில்லை.

அதிகாரி கெட்டவர் இல்லை. அவர் கையிலிருந்த படிவத்தில் 'பாதிக்கப்பட்ட உறுப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. கட்டைவிரல் போனால் எழுதலாம், கண் போனால் எழுதலாம். தூக்கம் போனால் எங்கே எழுதுவார், பாவம்?

"மொதல்ல உக்காருங்க பாய்" என்றார், மூன்றாவது முறையாக.

"இருக்கட்டுங்க" என்றார் பாய், மூன்றாவது முறையாக. மரியாதை தெரிந்த மனுஷன் என்று அதிகாரி நினைத்திருப்பார்.

பர்வீன் எழுந்தாள். ஃபேனுக்கு நேர் கீழே பாய்க்கென்று கிடந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் போட்டாள்.

"உக்காருங்க வாப்பா."

பாய் உடனே உட்கார்ந்தார்.

"காயம் கேட்டீங்களே சார், இதாங்க. ஃபேனைப் பார்த்தாலே பயம். வீட்லயும் இப்படித்தான். அல்சரெல்லாம் கெடையாது. என் கல்யாணத்துக்காகச் சொன்ன பொய்."

"பர்வீனு!" என்று சபுரா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். வராண்டாவில் பாதி ஊர் நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் பாய் வாயைத் திறந்தார். "முருகையன் எறக்குன்னு கை காட்டுனான்ங்க. நான் எறக்குனேன். இன்னமும் காட்டிக்கிட்டே இருக்கான்ங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுந்து நின்று, ஏழு லெட்டரும் நான் எழுதிய பொய், பாயைக் காட்டியது தஞ்சாவூர் மனநல டாக்டரிடம் என்றேன். "நீங்க யாரும்மா?" என்றார் அதிகாரி. எழுத்தாளர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "பக்கத்து வீடுங்க" என்றேன். அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த டாக்டரிடம் சான்றிதழ் வாங்கிவரச் சொல்லி வேறு தேதி கொடுத்தார். இஸ்திரிச் சட்டை ஆட்சேபித்தது. அதையும் எழுதிக்கொண்டார்.

நாங்கள் ஆட்டோவில் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளையின் உம்மா போனில் வந்தார். சபுரா ஸ்பீக்கரில் போட்டாள். போச்சு, ஒரு பெண்ணின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டோம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"தஞ்சாவூர்ல எந்த டாக்டரு சபுரா? எங்க வூட்லயும் ஒருத்தவங்களுக்கு ரொம்ப நாளா அல்சர்..."