நர்ஸ் ஹாகர்ட்டின் சிவப்பு

செய்தி வந்தபோது மாலை ஐந்தரை இருக்கும். தென்கோடியில் இருக்கும் எங்கள் ரிவர்டனில் ஜூன் நடுக்குளிர்காலம்; அது இருட்டி முடிந்த நேரம். ஊரில் பாதிப் பேர் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பார்கள். மீதிப் பேர் தெற்குப் பக்க ஜன்னலைத் திறந்து மேகத்தைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். கைபேசி அதிர்ந்ததும் சூரியக் காற்று வேகம் பிடித்துவிட்டது, இன்றிரவு வானம் ஒளிரும், கோட்டை எடுக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன். பேசியது நோலீன் ஹாகர்ட்டின் அண்ணன் மகன் இயன்.

"அத்தை மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்தாங்க. எந்திரிக்கல" என்றான்.

குழுவில் நான்தான் எழுதினேன். தென்துருவப் பக்க இரவு வானத்தில் நிறம் நிறமாக எழும் தெற்கொளியைப் பார்க்கும் எங்கள் குழுவில் ஒரு மரணத்தை எப்படி எழுதுவது என்று யாருக்கும் பழக்கமில்லை. பதில்கள் உடனே வந்தன. ஒருவர் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துவிட்டு, நாங்கள் கூடி நிற்கும் ஹவல்ஸ் முனைப் பக்கம் வானம் தெளிவாக இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் நோலீனின் ஆன்மா சாந்தியடையட்டும் என்று சொல்லி, கீழே அன்றைய காந்தப்புலக் கோட்டுப்படத்தையும் ஒட்டியிருந்தார். மனமில்லாமல் செய்ததல்ல. அந்த நேரத்துக்கு அவர்கள் விரல்கள் அதைத்தான் ஒட்டிப் பழகியவை. பால் டேங்கர் ஓட்டும் டெஸ்மண்ட் பிரைட் மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

நோலீன் பள்ளிக்கூடப் பல் நர்ஸாக இருந்தவர். இந்த நாட்டில் பள்ளி வளாகத்து மூலையில் இருந்த அந்தச் சின்னக் கட்டடத்தைப் பிள்ளைகள் கொலைக்கூடம் என்றுதான் சொல்வார்கள். ரிவர்டன் கொலைக்கூடத்தில் ஒரு தலைமுறை முழுவதும் நோலீனின் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தது. அந்தத் தலைமுறை வளர்ந்து, தலை நரைத்து, கடற்படகும் பண்ணையும் வாங்கி, பிறகு தெற்கொளி பார்க்கக் கிளம்பியது. ஹவல்ஸ் முனையில் குளிரில் நின்று பார்த்தால், இருட்டுக்குள் இருந்து கேட்டது அதே குரல். அறுபது வயதுக்காரர்கள் தம்மை அறியாமல் வாயைத் திறந்தார்கள்.

குழுவின் ஒரே விதியைப் போட்டவரும் அவர்தான். யார் படம் போட்டாலும் அதன் கீழே ஒரு சொல் இருக்க வேண்டும்: கண், அல்லது கேமரா. நியாயமான விதி. கேமரா தன் கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைக்கிறது. மனிதக் கண்ணுக்குப் புகை மாதிரி தெரிவது படத்தில் மாதுளை மாதிரி வந்து நிற்கும். அந்த மாதுளையை ஒரு விடுதிக்காரர் வாசலில் பெரிதாக அச்சடித்து மாட்டப்போக, ஆக்லாந்திலிருந்து ஆட்கள் வந்து, புகையைப் பார்த்துவிட்டு, ஏமாந்த முகத்தோடு திரும்பிப் போனார்கள். அந்த அநியாயத்தைத் தடுக்கத்தான் நோலீன் விதி போட்டார்.

விதி சரி. விதியைக் காத்த கண்ணில்தான் கோளாறு.

முதலில் மாட்டியவர் டெஸ்மண்ட். இரவெல்லாம் சாலையைப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. ஒரு நாள் முனையில் நின்றுகொண்டு, "நர்ஸ், செவப்பா இருக்கு. மேல பாருங்க, தூண் மாதிரி நிக்குது" என்றார்.

"கேமராவுலயா, கண்ணுலயா?"

"கண்ணுலதான்."

நோலீன் மேலே பார்த்தார். அவருக்குச் சாம்பல்தான் தெரிந்தது. "வாயை மூடு டெஸ்மண்ட். பல்லு தேச்சேன்னு ஆறு வயசுல எங்கிட்ட சொன்ன வாய்தானே அது?"

டெஸ்மண்ட் வாயை மூடினார். படத்தின் கீழே கேமரா என்று எழுதினார். அதற்குப் பிறகு எங்கள் குழுவில் யாரும் கண் என்று எழுதவில்லை. சிவப்பைப் பார்ப்பது பெருமையடிப்பது என்றும், சாம்பலைப் பார்ப்பதுதான் ஒழுங்கான குடும்பத்துக்கு அழகு என்றும் ஒரு வழக்கம் உருவாகிவிட்டது. தலைக்கு மேலே வானம் பற்றி எரிந்துகொண்டிருக்கும். கீழே எங்கள் ஆட்கள் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, நல்ல சாம்பல் என்பார்கள். போன வருடச் சாம்பலைவிட அடர்த்தி என்பார்கள். கிறைஸ்ட்சர்ச்சில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்று இங்கே குடிவந்த கேய்னர் என்ற பெண்மணி, முதல் நாள் தெரியாத்தனமாக, சிவப்பு என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். பிரார்த்தனை நடுவில் சிரித்தவளைப் பார்ப்பதுபோல எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குளிர்காலம் முடிவதற்குள் அவருக்கும் சாம்பல் பழகிவிட்டது.

நோலீனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. இரவில் கார் ஓட்டுவதை அவர் நிறுத்தியபிறகு, பக்கத்து வீட்டுக்காரி என்பதால் நான்தான் அழைத்துப் போவேன். கண்ணுக்கு ஒன்றுமில்லை, காருக்குத்தான் வயதாகிவிட்டது என்பார். ஒருமுறை திரும்பி வரும் வழியில் தானாகவே சொன்னார். "படத்துல பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு. ஒரே ஒரு தடவை, செவப்பை என் கண்ணால பாத்துட்டுப் போயிடணும்."

பார்த்தேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மறுக்க ஊரில் ஆள் கிடையாது. அவர் சொல்லவில்லை. மற்றவர்களுக்குப் போட்ட விதியைத் தனக்கும் போட்டுக்கொண்டு, வருடம் முழுக்கச் சாம்பலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்.

இன்னொரு வேலையும் அவர் தலைமேல் இருந்தது. இருட்டுக்குப் பழகிய கண்ணை வெள்ளை வெளிச்சம் கெடுத்துவிடும், சிவப்பு கெடுக்காது. அதனால் டார்ச் கண்ணாடியில் சிவப்பு நகப்பூச்சைப் பூசிக்கொள்வது வானம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம். இலையுதிர் காலத்தில் எங்கள் டார்ச்சுகளை எல்லாம் வாங்கி, சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து, நோலீனே பூசிக் கொடுப்பார். பல் அடைத்த கை. ஒரு துளி வழியாது. ஒரே ஒரு சங்கடம். அவர் சிவப்பு என்று வாங்கிவந்த பூச்சு, பள்ளிக்கூட நடன விருந்துக்குப் பெண்பிள்ளைகள் பூசிக்கொள்ளும் ஊதா கலந்த ரோஸ். நாங்கள் எல்லோரும் டார்ச்சைப் போட்டால் ஹவல்ஸ் முனை ஏதோ மதுவிடுதி திறப்புவிழா போல இருக்கும். நர்ஸின் சிவப்பு சிவப்பில்லை என்று எவர் வாயாலும் வரவில்லை.

ஒருமுறை ஒரெட்டிக் கடற்கரையில் நின்ற ஒரு வெளியூர்க்காரர், ஹவல்ஸ் முனைக்கு மேலே தாழ்வாக, இதுவரை யாரும் கண்டிராத ஊதா ஒளி ஒன்றைப் படம் பிடித்துப் போட்டார். நைட்ரஜன் என்றார் ஒருவர். பூமியின் காந்தப்புலமே நகர்கிறது என்றார் இன்னொருவர். ஒரு வாரம் விவாதம் நடந்தது. படத்தை உற்றுப் பார்த்து, கேமரா என்று தீர்ப்புச் சொன்னார் நோலீன். அந்த ஒளிக்குக் கீழே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நாங்கள் அனைவரும் தீர்ப்பை வரவேற்றோம்.

கடைசியில் உண்மையை வெளியே கொண்டுவந்தது சீஸ் ரோல். தேவாலயக் கூரைக்கு நிதி திரட்ட ரொட்டியில் சீஸ் தடவிச் சுருட்டி வாட்டி விற்றோம். அடுப்புப் பொறுப்பு நோலீனுக்கு. கரிக்கட்டையாக வந்த ரோல்களை, பொன்னிறம் வந்துவிட்டது என்று சொல்லி அவர் தட்டில் அடுக்க, பழைய நோயாளிகள் ஒருவர் பாக்கியில்லாமல் மென்று விழுங்கினார்கள். பாதிரியாரின் மனைவி மட்டும் வேறு ஊரில் பல் பிடுங்கிக்கொண்டவர். அவர் மறுநாளே நோலீனை இன்வர்கார்கிலுக்குக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார். இரண்டு கண்ணிலும் புரை. முற்றி, பழுத்து, மஞ்சள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மே மாதம் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை, ஆகஸ்டில் இடது கண்ணுக்கு என்று முடிவானது.

கண்கட்டைப் பிரித்த அன்று நான்தான் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். மேசைமேல் இருந்த நகப்பூச்சுச் சீசாவை எடுத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது என்ன கலர்?"

"ஊதா ரோஸ்."

"எத்தனை வருஷமா?"

"எப்பவுமே அதான், நோலீன்."

அவர் சீசாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்ப டெஸ்மண்ட்?" என்று மட்டும் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்வதைவிட வானம் சொல்வதுதான் முறை என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு எந்த இரவிலும் அவர் கோட்டைக் கழற்றி மாட்டவே இல்லை.

ஜூன் தொடக்கத்தில் அது வந்தது. காற்றில்லாத இரவு. கடலின் விளிம்பில் பச்சை விளிம்பு கட்டி, அதற்கு மேல் தூண்கள் எழ ஆரம்பித்தன. எங்கள் குழு வானத்தைப் பார்க்கவில்லை, நோலீனைப் பார்த்தது. அவர் உள்ளங்கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மறுபடியும் இடது, மறுபடியும் வலது. கையை எடுத்தபோது கன்னம் நனைந்திருந்தது. குளிரில் கண்ணில் நீர் வருவதும் உண்டு.

"டெஸ்மண்ட்."

டெஸ்மண்ட் பைக்குள்ளிருந்து கைகளை எடுத்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"என்ன கலர் அது?"

"சாம்பல், நர்ஸ்."

"வாயை நல்லாத் தொறந்து சொல்லு."

அவர் ஒருமுறை எங்களைத் திரும்பிப் பார்த்தார். "செவப்பு."

"எப்பலேருந்து?"

"மொத நாள்லேருந்தே செவப்புதான், நர்ஸ்."

நோலீன் தலையாட்டினார். "ஆறு வயசுல பல்லு தேச்சியா?" என்றார்.

"இல்ல நர்ஸ். அது பொய். இது நெசம்."

"தெரியும்" என்றார். எதைச் சொன்னார் என்று டெஸ்மண்ட் கேட்கவில்லை. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று மேலே பார்த்தார்கள்.

அன்றிரவு நோலீன் குழுவில் போட்டது படமில்லாத பதிவு. கண், ஒரு கண் என்று இருந்தது. பழகிய விதி உடைந்தால் மனிதர்களுக்குத் தூக்கம் வராது. ஒரு கண்ணால் பார்த்தது விதிப்படி கண்ணா என்று விவாதம் தொடங்கியது. பாதிப் பார்வையாகப் பதியலாம் என்றார் கேய்னர். செயற்கை வில்லை வைத்த கண்ணையே ஒரு வகைக் கேமராவாகக் கருத வேண்டாமா என்று எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் கேட்டார். டெஸ்மண்ட் முதல்முறையாகக் குழுவில் ஒருவரை முட்டாள் என்று எழுதினார். முடிவில் நோலீனே தீர்ப்புச் சொன்னார். ஒரு கண் சிவப்பு என்கிறது, ஒரு கண் சாம்பல் என்கிறது; ஆகஸ்டில் மற்ற கண்ணையும் விசாரித்துவிட்டுத்தான் பதிய வேண்டும். அதுவரை அவரவர் பார்த்ததை அவரவர் எழுதிக்கொள்ளலாம். மறுநாள் காலைக்குள் பழைய படங்களின் கீழேயெல்லாம் கண், கண், கண் என்று நிறைந்துவிட்டது. அந்த இரவில் ஊரிலேயே இல்லாதவர்கூட ஒருவர் எழுதியிருந்தார்.

பிறகு நோலீன் மருந்துக்கடைக்குப் போய், வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, அசல் சிவப்பு வாங்கிவந்தார். எங்கள் டார்ச்சுகளை எல்லாம் திரும்ப வாங்கினார். பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, புதிதாக இரண்டு பூச்சு பூசி, ஒவ்வொன்றாகத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். முதலில் டெஸ்மண்டுடையது. பக்கத்து வீட்டுக்காரிதானே, எங்கே ஓடிவிடப்போகிறாள் என்று என்னுடையதைக் கடைசியில் வைத்திருந்தார்.

சவ ஊர்வலத்தில் பெட்டியின் முன்மூலையை டெஸ்மண்ட் தூக்கினார். கல்லறையில் கேய்னர் குழுவின் சார்பில் பேசினார். விதியைப் பற்றி நிறையவும் சிவப்பைப் பற்றிக் கொஞ்சமும். ஆகஸ்ட் விசாரணை இனி நடக்காது என்பதால் அந்தப் பதிவை என்ன செய்வது என்று குழுவில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்று இயன் வந்து என் டார்ச்சைக் கொடுத்துவிட்டுப் போனான். மேசையில் செய்தித்தாளின்மேல், மூடிய சீசாவுக்குப் பக்கத்தில் இருந்ததாம். இப்போது நான் எழுதும் இந்தத் தாளுக்குப் பக்கத்தில் எரிகிறது. முதல் பூச்சு நன்றாகக் காய்ந்திருக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் வெள்ளை வெளிச்சம் கசிகிறது. இரண்டாவது பூச்சு பூசப்படவில்லை.